முதன்முதலாக வேட்டை நாய் வாங்குவோர் அறிய வேண்டுவன

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பகுதிகளில் நெல், காய்கறி, பூ முதலியவற்றைப் பயிரிடும் நிலச்சுவான்தார்கள், தங்கள் தோட்டத்திற்கும் களத்திற்கும் நாயொன்று வேண்டுமென்று எண்ணும்பொழுது, வேட்டை நாய் ஜாதிகளின் பெயரே முதலில் அவர்கள் நினைவுக்கு வருவது வழக்கம். இராஜபாளையம், சிப்பிப்பாறை, லாப்ரடார் என்னும் பெயர்கள் யாவர்க்கும் பழக்கமானவை. ஆயினும், இந்த ஜாதிகள் எந்த வேலையின் பொருட்டுப் பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்து விருத்தி செய்யப்பட்டன என்பதையும், அந்த வேலைக்குத் தங்கள் இடத்தில் இப்பொழுது அவகாசம் உண்டா என்பதையும் விசாரித்து வாங்குவோர் சிலரே.

விசாரியாது வாங்கியதன் பலன் ஓராண்டுக்குள் தெரிந்துவிடும். அயலார் ஆட்டைக் கடித்த நாய், இரவு பகலாகச் சங்கிலியிற் கிடந்து கண்டவரையெல்லாம் சீறும் நாய், சித்திரை வெயில் தாளாது தொழுவத்தில் மூச்சிரைக்கும் நாய், ஒருவருக்கும் வேண்டாததாகிப் புறவழிச் சாலையோரத்தில் இறக்கிவிடப்பட்ட நாய் ஆகிய இவற்றின் துன்பத்திற்கெல்லாம் மூலகாரணம், வாங்கும் நாளில் செய்த தெரிவேயாகும். நாய் வளர்த்து முன் அனுபவமில்லாதவர் எந்த ஜாதியைக் கொள்ளலாம், எதைத் தள்ளலாம் என்பது இங்கு விவரிக்கப்படும்.

வேட்டை நாய்களின் வகை

வேட்டை நாய் என்று பொதுவாகச் சொல்லப்படுவனவற்றுள் இரண்டு பெரும் பிரிவுகள் இவ்விடத்துக்கு முக்கியமானவை. முதலாவது, ஓடும் பிராணியைக் கண்ணால் கண்டு, துரத்திப் பிடிக்கும் நாய்கள். நீண்ட கால், ஒடுங்கிய வயிறு, ஆழ்ந்த மார்பு, குறுகிய மயிர் ஆகியவை இவற்றின் அடையாளங்கள். தென்பாண்டிச் சீமையின் சிப்பிப்பாறையும் கன்னியும், கர்நாடகத்தின் முதோல் நாயும் இவ்வகையின. திறந்த புஞ்சை வெளியில் முயலைத் துரத்துவதற்கென்றே இவை வளர்க்கப்பட்டன. எஜமானனின் கட்டளையை எதிர்பாராமல், பிராணி அசைந்த கணமே தானாகப் பாய்வதுதான் இவற்றின் திறமை.

இரண்டாவது, துப்பாக்கி ஏந்தியவனுடன் சேர்ந்து வேலை செய்யும்படி ஐரோப்பாவில் விருத்தி செய்யப்பட்ட நாய்கள். இவற்றுள் பாயிண்டர் என்பது பறவை பதுங்கியிருக்கும் இடத்தை மோப்பத்தால் அறிந்து, அத்திசையை நோக்கிச் சிலைபோல் அசையாது நிற்கும். செட்டர் என்பதும் அங்ஙனமே பறவையைக் காட்டிக் கொடுக்கும். ஸ்பானியல் புதருக்குள் நுழைந்து பறவையைக் கிளப்பிவிடும். ரெட்ரீவர் என்பது சுடப்பட்டு விழுந்த பறவையைப் பற்கள் பதியாமல் மெல்லக் கௌவிக் கொண்டுவரும். லாப்ரடார் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. அதன் முன்னோர் வட அமெரிக்காவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் மீன்பிடிப்போருடன் குளிர்ந்த நீரில் வேலை செய்தவை. 1903-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாய்ச் சங்கம் இதனைத் தனி ஜாதியாக ஒப்புக்கொண்டது.

இவ்விரு பிரிவுக்கும் உள்ள சுபாவ பேதத்தைப் புதிதாய் வாங்குவோர் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். துரத்தும் நாய் தன் எண்ணப்படி நடப்பது. துப்பாக்கி நாயோ மனிதனின் முகத்தையும் கையையும் பார்த்து நடப்பது. ஆதலால் பின்னதைப் பழக்குதல் எளிது. முன்னதைப் பழக்குவதற்குப் பொறுமையும் திறந்த இடமும் மிகுதியாக வேண்டும்.

இப்பொழுது வேட்டைக்கு இடமில்லை

ஆங்கிலேயர் காலத்தில் சென்னையைச் சுற்றிய ஏரிகளிலும் நெல் வயல்களிலும் குளிர்காலந்தோறும் உள்ளான், காட்டு வாத்து முதலிய பறவைகளைச் சுடுவது துரைமார்களின் பொழுதுபோக்காக இருந்தது. துப்பாக்கி நாய்கள் இந்நாட்டிற்கு வந்தது அத்தகையோரின் மூலமாகவே. அந்தக் காலம் கடந்துவிட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதில் 1991-இல் செய்யப்பட்ட திருத்தமும் நாட்டில் வேட்டையை அநேகமாக முற்றிலும் தடுத்துவிட்டன.

இச்சட்டத்தில் ஒரு நுட்பம் குடியானவர்கள் அறியத்தக்கது. வேட்டை என்ற சொல்லுக்குச் சுட்டுக் கொல்வது மட்டுமே பொருளன்று. பிராணியைத் துரத்துதல், விரட்டிச் செலுத்துதல், கண்ணி வைத்தல், பிடித்தல் ஆகியவையும் அச்சொல்லில் அடங்கும். ஆகவே, வரப்போரத்து முயலின்மீதோ கௌதாரியின்மீதோ நாயை ஏவிவிட்டு, "நான் சுடவில்லை, நாய்தான் துரத்திற்று" என்று சொல்வது சமாதானமாகாது. மயில் 1963-ஆம் ஆண்டு முதல் தேசியப் பறவை. சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்றது. அது விதைத்த வயலில் இறங்கினாலும் அதன்மேல் நாயை ஏவலாகாது. இவ்விஷயத்தைக் கிராம அதிகாரிகள் தங்கள் ஊராருக்கு எடுத்துச் சொல்வது நலம்.

நிலத்தின் தோற்றமும் மாறிவிட்டது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. பின்னர் வீட்டு மனைகள் பெருகிப் பல இடங்களில் வயலுக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு கால்வாய்க் கரை மட்டுமே எஞ்சியுள்ளது. மைல் கணக்கில் ஓடுவதற்கென்று பிறந்த நாய் இங்கு அவிழ்த்து விடப்பட்டால், அது துரத்தத்தக்க முயலைக் காண்பதற்கு முன் அயலார் கோழியையும், ஆட்டுக்குட்டியையும், சாலையிற் செல்லும் இருசக்கர வாகனத்தையுமே காணும். எல்லாவற்றையும் அது துரத்தும். அது அதன் இயல்பு.

வாங்குமுன் ஆராய வேண்டியவை

எந்த ஜாதி என்று கேட்பதற்கு முன், வாங்குவோர் தம்மைத் தாமே நான்கு விஷயங்களில் சோதித்துக் கொள்ளல் வேண்டும்.

முதலாவது, வேலை. இரவில் அந்நியர் வருகையைத் தெரிவிப்பதா, பம்பு செட்டுக்குக் காவலா, வீட்டுப் பிள்ளைகளுக்குத் துணையா என்பது தெளிவாக வேண்டும். குரைத்து எச்சரிப்பதற்குக் கடிக்கும் நாய் தேவையில்லை.

இரண்டாவது, வேலி. நெடுங்கால் நாய்கள் இடுப்பளவு முள்வேலியை எளிதில் தாண்டும். இவற்றுக்கு ஆறு அடி உயரமுள்ள சுவரோ கம்பி வலையோ வேண்டும். அதற்கு வகையில்லாதவர் இவ்வினங்களைக் கொள்ளாதிருத்தல் உத்தமம்.

மூன்றாவது, பொழுது. வேட்டை ஜாதி எதுவாயினும் நாள்தோறும் காலையும் மாலையுமாகச் சேர்த்து ஒரு மணி நேரமாவது அதனை நடத்தவும் ஓட்டவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ஒருவராகவே இருப்பது நல்லது. நடவு, அறுவடைக் காலங்களிலும் இது தவறக்கூடாது.

நான்காவது, ஆயுள். நாய் பத்து முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். நிலத்தை விற்கவோ நகருக்குக் குடிபோகவோ எண்ணமுள்ளவர் அதனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஜாதிகளின் குணங்கள்

இராஜபாளையம்: விருதுநகர் மாவட்டத்து இராஜபாளையம் ஊரின் பெயரைக் கொண்டது. பால் வெண்ணிறமும், இளஞ்சிவப்பு மூக்கும், 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை உயரமும் உள்ளது. 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நாய் ஜாதிகளைக் குறித்து வெளியிட்ட தபால் தலைகளுள் ஒன்றில் இதன் உருவம் இடம்பெற்றது. காவலிற் சிறந்தது; ஆனால் ஒருவரிடத்தே மிகுந்த பற்றுக் கொண்டு, பிறரை எளிதில் சேர்க்காது. வேலையாட்களும், பால்காரரும், உறவினரும் வந்து போகும் வீட்டில் அனுபவமில்லாதவர் இதனை வைத்திருப்பது அபாயத்திற்கு இடமாகும். மேலும், வெண்ணிறம் மிகுந்த நாய்களில் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. இது இரண்டாவது நாயாகக் கொள்ளத்தக்கதேயன்றி, முதல் நாயாகக் கொள்ளத்தக்கதன்று.

கோம்பை: தேனி மாவட்டத்துக் கோம்பையைச் சேர்ந்தது. செம்பழுப்பு நிறமும் கரிய முகமும் உடையது, உடற்கட்டு மிக்கது. காட்டுப் பன்றி முதலியவற்றை எதிர்க்கும் துணிவுக்குப் பேர்பெற்றது. அந்தத் துணிவே புதியவர் கையில் தொல்லையாகும். இராஜபாளையத்திற்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

சிப்பிப்பாறையும் கன்னியும்: இவை தம்முள் மிக நெருங்கியவை. கன்னி பெரும்பாலும் கருமையும் பழுப்பும் கலந்த நிறத்தது. சிப்பிப்பாறை பல நிறங்களில் காணப்படும். இவற்றின் குறுமயிர் நம் வெயிலுக்கு ஏற்றது, தீனிச் செலவு அளவானது, வீட்டாரிடம் அமைதியாயிருக்கும். கூச்ச சுபாவமுள்ளவை, அடித்துப் பழக்கினால் கெட்டுவிடும். உயர்ந்த வேலியும் ஓர் ஏக்கருக்குக் குறையாத இடமும் உள்ளவர் வேட்டை ஜாதியைத்தான் முதல் நாயாக வளர்க்க விரும்பினால், இவற்றைக் கொள்ளலாம். குட்டிப் பருவத்திலேயே ஆடு, மாடு, கோழிகளினிடையே நீண்ட கயிற்றில் கட்டிப் பழக்கி, கூப்பிட்டவுடன் திரும்பி வரும் வழக்கத்தை உறுதிப்படுத்திய பின்னரே அவிழ்த்துவிட வேண்டும்.

லாப்ரடார்: துப்பாக்கி நாய்களுள் புதியவர் பழக்குவதற்கு மிக எளிதானது இதுவே. மனிதனை மகிழ்விப்பதில் விருப்பமுள்ளது, பிள்ளைகளிடம் சாந்தமானது. குறைகள் மூன்று. முதலாவது, குளிர்ந்த நீருக்கென அமைந்த இரட்டை மயிர்ப் போர்வை இந்த வெப்பத்தில் அதற்குப் பெருந்துன்பம். நாய் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கின்றது. காற்றில் ஈரம் மிகுந்த சென்னைப் பகுதியில் அந்த வழியும் குறைவாகவே பயன்படும். இரண்டாவது, அடங்காப் பசி. 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, லாப்ரடார்களுள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குக்குப் பசியோடு சம்பந்தப்பட்ட மரபு மாறுதல் ஒன்று இருப்பதைக் கண்டது. கேட்ட போதெல்லாம் சோறிட்டால் உடல் பருத்துக் கெடும். மூன்றாவது, இடுப்பு மூட்டுக் கோளாறு. இது பரம்பரையாக வருவது. யாவரிடமும் நட்பாயிருப்பதால் காவலுக்கும் இதனை நம்ப இயலாது. நிழலும் தண்ணீரும் உள்ள வீட்டில், வீட்டாரோடு சேர்த்து வளர்க்க இயன்றவருக்கு மட்டும் இது ஏற்றது. பம்பு செட்டுக் கொட்டகையில் தனியே கட்டிப்போடுவதற்கு இது உதவாது.

பாயிண்டர், செட்டர், ஸ்பானியல்: இவற்றின் மோப்ப வேலை பறவை வேட்டையோடு பிணைந்தது. ஓட்டமும் தேடலும் இன்றேல் இவை மனக்கிலேசமடைந்து, தரையைத் தோண்டுவதும் ஓயாது குரைப்பதுமாக இருக்கும். செட்டருக்கும் ஸ்பானியலுக்கும் உள்ள நீண்ட மயிரில் உண்ணியும் நெருஞ்சி முள்ளும் சேரும். இப்பகுதியில் புதியவருக்கு இவற்றைச் சிபாரிசு செய்ய இடமில்லை.

பெரும்பாலோருக்கு உகந்தது

மேற்கூறியவற்றைச் சீர்தூக்கினால், நாற்பது அல்லது ஐம்பது சென்ட் தோட்டமும், தாழ்ந்த வேலியும், வேலைப்பளுவும் உள்ள சாதாரணக் குடியானவருக்கு, சாந்தமான தாயினிடம் பிறந்த நாட்டு நாய்க் குட்டியே முதல் நாயாக உகந்தது என்பது விளங்கும். அதன் உடல் இந்த வெயிலுக்கும் மழைக்கும் பழகியது. அந்நியரைக் கண்டு குரைப்பதில் எந்த ஜாதிக்கும் குறைந்ததன்று. விலை கொடுக்க வேண்டியதில்லை. ஜாதி நாய்க்குச் செய்யும் தடுப்பூசியும், தீனியும், பழக்கமும் அதற்கும் செய்தால், அதன் பயன் பெரிதாகும். அதனை வளர்த்து அனுபவம் பெற்ற பின்னர், விருப்பமிருப்பின் வேட்டை ஜாதியைக் கொள்ளலாம்.

குட்டியைத் தெரிந்தெடுக்கும் முறை

ஜாதிக் குட்டி வாங்குவோர் சந்தையிலும் சாலையோரத்திலும் வாங்கலாகாது. 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதிகளின்படி, வளர்த்து விற்போர் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். எட்டு வாரத்திற்குட்பட்ட குட்டியை விற்றல் கூடாது. தாய் நாயை நேரிற் காண்பது அவசியம். தாய் சீறிப் பாய்வதாயின், அல்லது மூலையில் ஒடுங்குவதாயின், குட்டிகளும் அவ்வியல்பைக் கொள்ளக்கூடும்.

குட்டி உறங்கும்போது சற்றுத் தூரத்தில் நின்று கைதட்டினால் விழிக்க வேண்டும். ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இச்சோதனையால் அறிய முடியாதாகையால், வெள்ளைக் குட்டிகளைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நலம். கண்ணில் பீளை, வயிற்றில் உப்பல், வாலடியில் கழிச்சல் கறை உள்ளவற்றைத் தள்ளிவிட வேண்டும். எல்லோருக்கும் முந்தி ஓடிவந்து மற்றக் குட்டிகளைக் கடித்துத் தள்ளுவதும், ஒதுங்கி நடுங்குவதும் ஆகிய இரண்டும் புதியவருக்கு வேண்டாம்; இடைப்பட்டதே நல்லது.

முதலாண்டுப் பராமரிப்பு

ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான தடுப்பூசியைத் தொடங்கி, மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் நான்கு மாதம் வரை தொடர வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எலிகள் மிகுந்த நெல் வயலில் திரியும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பும் தேவை. குடற்புழு மருந்தைக் குட்டிப் பருவத்தில் பலமுறை கொடுக்க வேண்டும். உண்ணிகள் இரத்தத்தைக் கெடுக்கும் நோய்களைப் பரப்புவதால், காதுமடலையும் விரலிடுக்கையும் தினந்தோறும் பார்க்க வேண்டும்.

வெறும் பால்சோறு வளரும் குட்டிக்குப் போதாது. முட்டை, இறைச்சி, பருப்பு இவற்றுள் ஏதேனும் சேர வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு ஆகியவை ஆகா. வயலில் எலிப் பாஷாணம் வைக்கும் நாட்களில் நாயைக் கட்டியே வைக்க வேண்டும். விஷமுண்டு செத்த எலிகளையும் புதைத்துவிட வேண்டும். ஆழ்ந்த மார்புள்ள ஜாதிகளை உண்டவுடன் ஓட்டலாகாது. வயிறு உப்பி முறுக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். கோடையில் காலை எட்டு மணிக்குமுன்னும் மாலை வெயில் தாழ்ந்த பின்னும் மட்டுமே நடத்த வேண்டும்.

நாய்க்குச் சிகிச்சை வேண்டுவோர் அண்மையிலுள்ள அரசாங்கக் கால்நடை மருந்தகத்தை நாடலாம். கடினமான நோய்களுக்கு, 1903-ஆம் ஆண்டில் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது.

வெறிநோயும் ஊராரின் கடமையும்

வெறிநோய் கண்ட மனிதர் பிழைப்பது மிக அரிது. ஆனால் காலத்தில் ஊசி போட்டால் இந்நோய் வராமல் நிச்சயமாகத் தடுக்கலாம். 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டதன் நோக்கமே இந்தச் சிகிச்சையை இந்நாட்டார்க்கு அளிப்பதாகும். இன்று அதன்பொருட்டு மலையேற வேண்டியதில்லை. அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையிலேயே ஊசி கிடைக்கும். வீட்டு நாயோ தெரு நாயோ கடித்தாலும் பிறாண்டினாலும், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு காயத்தைப் பதினைந்து நிமிஷம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் ஆகியவற்றைப் பூசுதல் கெடுதி. குறித்த நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டு முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்துவது போடாததற்குச் சமானம்.

கிராம அதிகாரிகள் தத்தம் ஊரிலுள்ள வளர்ப்பு நாய்களின் கணக்கை எழுதி வைத்து, செப்டம்பர் 28-ஆம் நாளாகிய உலக வெறிநோய் தினத்தை ஒட்டியாவது கால்நடை மருந்தகத்தாரைக் கொண்டு ஊசி முகாம் நடத்துவிப்பது உபகாரமாகும். சென்னை மாநகராட்சியைச் சேர்ந்த அம்பத்தூரில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெறுதல் கட்டாயம். ஆவடி, பூந்தமல்லி முதலிய இடங்களில் உள்ளவர்கள் அவ்வவ்விடத்து அலுவலகத்தில் விதிகளைக் கேட்டு நடக்க வேண்டும்.

நாயொன்று வாங்குவது மாடொன்று வாங்குவதினும் எளிய காரியமாகத் தோன்றலாம். மாட்டுக்குப் பல்லும் சுழியும் பார்த்து, கறந்து பார்த்து, பத்துப் பேரை விசாரித்து வாங்கும் குடியானவர், நாயை மட்டும் நிறமும் பெயரும் கண்டு வாங்கலாகாது. தம் வேலையையும் வேலியையும் பொழுதையும் முதலில் அளந்து, அதற்குப் பொருந்திய குட்டியைக் கொள்வாராயின், வீட்டுக்குக் காவலும், அயலாருடன் சமாதானமும், அந்த வாயில்லாப் பிராணிக்கு நல்வாழ்வும் ஒருங்கே கிட்டும்.